எஸ்தரின் பாஸ்வேர்டு பெட்டி

2001 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

நான் கூட்டிப் பெருக்குகிற தீப்பெட்டி ஆபீஸில் கூலிக் கணக்குப் போடுகிற புரோகிராமை, கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் படித்த என் மகள் எஸ்தர்தான் எழுதிக் கொடுத்தாள். திறந்தால் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். அது ஏற்கெனவே திறந்திருக்கிற பக்கத்துக்குப் பின்னால் போய்விடும். கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தட்டுகிற ரகசிய எழுத்தெல்லாம் முன்னால் இருக்கிற பக்கத்தில் பளிச்சென்று விழும்.

"அடுத்த வாரம் சரி பண்ணிருவேம்மா" என்றாள். அதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் அண்ணாச்சி திரையைப் பார்த்து, "ஏட்டி எஸ்தரு, ஒம் பெட்டி இன்னைக்கும் ஒளிஞ்சி வெளயாடுதே!" என்பார். அறையைக் கூட்டிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆள் வந்து சரிசெய்துவிட்டார். பெட்டி தானாக முன்னால் வந்து நின்றது. அண்ணாச்சி தட்டினார், திறந்தது.

"இனும தொல்ல இல்லக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்லது அண்ணாச்சி என்றேன்.

வீட்டில் அவள் பேரைச் சொல்ல அவள் அப்பாவுக்கு வாய் வருவதில்லை. எனக்கும் வருவதில்லை. அண்ணாச்சி ஒருவர்தான் தினமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அறையில் யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள்.