களஞ்சிய வாசல்

1998 யூலை 6, திங்கள்
சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கந்தோர் மேசை, நிலம் முழுக்க மணல், கதிரையைத் தட்டாமல் இருக்க முடியாது. நிவாரண அரிசி வைக்கும் களஞ்சியத்தின் வாசல் மட்டும் எப்போதும் துப்புரவு. “உங்களுக்கு ஒரு பரிசு தரவேணும்” என்று கந்தோர் கூட்டும் ராக்கம்மாவிடம் சொன்னேன். ராக்கம்மா சிரிக்கவில்லை.

யூலை 8
கணக்கெழுதும் சிசிலியா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மூட்டை எண்ணப் போனவளைக் களஞ்சியக்காரர் அருளப்பு சுவரோடு மறித்துப் பிடித்திருக்கிறார். “நான் இனி அதுக்குள்ள போகமாட்டன், மிஸ்.”

நான் சொன்னது, “பொறும் பிள்ளை, நான் கதைக்கிறன்.”

இங்கே பொறுப்பு நான். உடனே கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அறிவிக்கவேண்டியவள். அறிவிக்கவில்லை. சிங்களம் கதைத்து ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டி அடம்பனுக்கு அரிசி லொறியைக் கொண்டுபோகக்கூடியவர் அருளப்பு ஒருவர்தான். அங்கே சனம் பட்டினி. இது நியாயமா, வெறும் சாட்டுப்போக்கா?

யூலை 9
அருளப்புவோடு கதைத்தேன். “பகிடிக்குச் செய்தது, லூசியா அக்கா. பெரிசாக்காதேங்கோ.” தலையாட்டிவிட்டு வந்தேன். நான் தலையாட்டினேன்.

யூலை 13
சிசிலியா வேலைக்கு வரவில்லை.

யூலை 15
சிசிலியாவின் தாய் வந்து அலுமாரிச் சாவியைத் தந்தா. “பிள்ளை இனி வராது.” சாவியை வாங்கி மேசையில் வைத்தேன்.

பெண்பிள்ளைகளைத் தனியே களஞ்சியத்துக்குள் விடவேண்டாம் என்று ராக்கம்மாவிடம் சொன்னேன்.

“ரெண்டு வருசமா விடலீங்க, மிஸ். பொம்பளப் புள்ள உள்ள போனா நான் வாசலக் கூட்டுவேன். வெளிய வந்தாத்தான் நிறுத்துவேன். சிசிலியா புள்ள போன அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோங்க.”

என்ர மேசையில இருந்து பாத்தா அந்த வாசல் தெரியும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் கூட்டினவா — நான் ஏன் யோசிக்கேல்லை? யோசிக்க விருப்பமில்லையா? அதுக்குப் பரிசு தாறன் எண்டும் சொன்னனான். வெக்கமாயிருக்கு. அவ காவல் நிண்டது நான் செய்யவேண்டிய வேலை.

யூலை 16
கொழும்புக்கு எழுதி அனுப்பினேன். அருளப்பு செய்ததை மட்டுமல்ல, தெரிந்தும் நான் வாயை மூடியிருந்ததையும்.

யூலை 28
அருளப்புவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கை மட்டும், அது காணாது. லொறி இன்னும் சென்றியில் நிற்கிறது. நாளை நானே என் அரைகுறைச் சிங்களத்தோடு போகிறேன். சிசிலியா வீட்டுக்கும் போனேன். உள்ளே ஆள் இருந்தது, கதவு திறக்கவில்லை.

ஓகஸ்ட் 5
புதிதாக வந்த நசீறா களஞ்சியத்துக்குள் தனியே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். ராக்கம்மா குசினியில் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடித்தா.

வாசலில் கணுக்கால் அளவுக்கு மணல்.