நீங்கள் உட்காராத நாற்காலி

அண்ணே,

இன்று காலை கூட்ட அறைக்குள் நுழைந்ததும் வார்னிஷ் வாடை. தலைவர் நாற்காலிக்குப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். நீங்கள் போன பிறகு ஜோகூர் பாருவில் நம் வாரியம் கூடுவது இதுதான் முதல் தடவை.

மருத்துவச்சிகளுக்கு உரிமம் வழங்கும் வாரியம் என்று பெயர்தான் பெரிது. ஆண்டின் முதல் கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுத்த பிறகே மற்ற வேலை. தலைவருக்கு ஓட்டுக் கிடையாது. ஓட்டுகள் சமமானால் மனு தள்ளுபடி. இதை வைத்துத்தானே உங்களுக்குக் கண்ணி வைத்தார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், அந்த முதல் கூட்டத்தில், கூலாய்ப் பக்கத்து இரப்பர் தோட்டத்துப் பாப்பம்மாவின் மனு இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறாதவள் பிரசவம் பார்க்கக் கூடாது என்று புதிதாக விதி வந்திருந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. வாயால் கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று கெஞ்சியிருந்தாள். அவளையும் தடுத்துவிட்டால், தோட்டத்து வரிசைவீடுகளில், லயத்தில், இருக்கும் பெண்களுக்கு வலி கண்டால் ஓடிவர ஆளில்லை. ஐந்து பேரில் நீங்கள், நான், மலாய்க்காரப் பெரியவர் மூவரும் அவள் பக்கம். வெள்ளைக்கார டாக்டர்கள் இருவரும் எதிர்.

அவர்களில் மூத்தவர் எழுந்து உங்களைத் தலைவராக முன்மொழிந்தார். இரப்பர்ப் பால்மரம் வெட்டியவரின் மகன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரெஸர், அந்த நாற்காலியில்! நம் ஆள் ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்று எத்தனை நாள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நீங்கள் உட்கார்ந்தால் இரண்டுக்கு இரண்டு என்று எனக்கோ கணக்கு ஓடியது. மாலை போட்டுக் கையைக் கட்டுகிறார்களே என்று கத்தத் தோன்றியது.

நீங்கள் எழுந்து போய் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினீர்கள். பிறகு மலாயில், மிகப் பணிவாக, வேண்டாம் என்றீர்கள். நான் சும்மா இருப்பேனா? முன்மொழிந்த டாக்டரையே உடனே முன்மொழிந்தேன். நாம் மூவரும் கை தூக்கிவிட்டோம், மறுக்க வழியில்லாமல் போய் உட்கார்ந்தார். பாப்பம்மாவுக்காக மூன்று கைகள் உயர்ந்தன, எதிர்த்து ஒன்று.

வெளியே வந்ததும் கேட்டேன், ஆசைப்பட்ட இடமாயிற்றே என்று.

"ஆசை இருக்கு தங்கச்சி, ரொம்பவே இருக்கு. ஆனா அங்க உக்காந்தா கையைத் தூக்க முடியாதே."

அதற்குப் பிறகு யாரும் உங்களை அந்த நாற்காலிக்கு அழைக்கவில்லை. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஏமாற்றம் உங்களுக்குக் கடைசிவரை இருந்தது, எனக்குத் தெரியும். உங்கள் சாவுக்குப் பாப்பம்மா வந்திருந்தாள், தன் கையில் பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

இன்று எல்லோருமாகச் சேர்ந்து என்னைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள். எனக்கும் ஆசைதான் அண்ணே, உங்களிடம் மறைப்பானேன். ஆனாலும் இடத்தைவிட்டு எழவில்லை. இன்றைக்கு யாருடைய மனு ஓட்டுக்கு வருகிறது, முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன்.