ஏழு வீட்டுச் சட்டை

1936, ஐப்பசி, வெள்ளி இரவு.

அப்பா திட்டி முடித்துப் படுத்துவிட்டார். என் காது மட்டும் இன்னும் விழித்திருக்கிறது.

அக்காவுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்தது தங்க வேண்டுமானால் ஏழு வீட்டில் கேட்டு வாங்கிய துணியில்தான் முதல் சட்டை தைக்க வேண்டுமாம். பேரன் பிறந்த மறுநாளே அம்மா துண்டுத்துணி கேட்டு வீடு வீடாகப் போனாள். பண்ணையக்காரர் வீட்டு அம்மாள் பிச்சை எடுக்கிறாள் என்று ஊர் சிரித்தது. அம்மா ஊரைவிடப் பெரிதாகச் சிரித்தாள். சாண் நீளச் சட்டையை மூன்று நாள் தைத்தாள்.

இன்று அக்காவின் மாமியார் அவர்கள் ஊரான கணபதியிலிருந்து பட்டுச் சட்டையோடு வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்க பேரனுக்குக் கந்தலுங்களா? கழட்டிப் போடுங்க."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. சட்டை நாடாவை அவிழ்க்கக் கை போனது. அதற்குள் என் வாய் அவிழ்ந்துவிட்டது.

"அத்தை, அந்த மஞ்சத் துண்டு உங்க ஊட்டுதுங்க! பேரன் பொறந்த சேதி சொல்ல வந்தப்ப, வெளக்குத் தொடைக்கோணும்னு கேட்டேன். உங்க கையாலதான் கிழிச்சுக் குடுத்தீங்க."

"திருட்டுக் கழுதை!" என்றார். ஆனால் நாடாவைத் தொடவில்லை. பட்டுச் சட்டையை அதன் மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

நாளைக்குக் கணபதி போய் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அப்பா உத்தரவு.

இப்போதுதான் அம்மா வந்து காதில் சொன்னாள்: "போயிட்டு வா கண்ணு. அப்படியே குல்லா தைக்க ஒரு துண்டு கேட்டுட்டு வா."

துண்டு மட்டும் கேட்பேன்.