வளைந்த ஜன்னல் கம்பி

அன்புள்ள புள்ளிக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், நான் முக்கால்வாசி சுகம், மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் உளறுவேன். உட்காரவே முடியவில்லை, ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அடுத்த வரி எழுதுகிறேன், உன் அப்பா "ஒரு இடத்துல இரேன், எனக்குத் தலை சுத்துது" என்று கத்தியே விட்டார்.

போன மாதம் ஒருநாள் காலையில் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன், கம்பிகள் நடுவில் வளைந்து தெரிந்தன. இடது கண்ணை மூடினால் நேராகிவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அடித்துப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, சமையலறைச் சுவரில் கட்டத்தாளை ஒட்டி, இடது கண்ணால் மட்டும் பார்த்து, எந்தக் கோடு எங்கே எவ்வளவு வளைகிறது என்று தினமும் வரைய ஆரம்பித்துவிட்டாள். சிரிக்காதே. ஆயுள் முழுக்கக் கல்லூரியில் கணக்கு வகுப்பில் வளைந்த வெளியைப் பற்றிப் பாடம் எடுத்தவள் நான், இணைகோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும் இடத்தைச் சமன்பாட்டில்தான் கண்டிருக்கிறேன், அது என் வீட்டுச் சுவரிலேயே வந்து நின்றால் விட மனசு வருமா? நேர்கோடு என்பது கண்ணுக்குத் தெரிவது அல்ல, நாம் ஒப்புக்கொள்வது என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன் அல்லவா, அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக ஒரே சந்தோஷம். வளைவு நாளுக்கு நாள் கூடியது, அதற்கு ஒரு சூத்திரம் கிடைக்குமா என்று பார்த்தேனே தவிர, ஏன் கூடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை பார், அவ்வளவு படித்த மண்டை.

கடைசியில் அப்பா அந்தத் தாள்கள் என்னவென்று கேட்டார், சொன்னதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண் டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். விழித்திரையில் நீர் கசிகிறதாம். என் படங்களைப் புரட்டிவிட்டு, "ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க மேடம், முதல் படம் வரைஞ்ச அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?" என்றாள். போனது திரும்பாதாம், இருப்பதைக் காப்பாற்றக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம், வலது கண்ணுக்கும் வரலாமாம். வியாழக்கிழமை முதல் ஊசி. எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். திரும்பி வந்து வீட்டுப் படி ஏறும்போது அப்பா "உனக்குக் கண்ணை விடக் கணக்கு பெருசாப் போச்சா" என்றார். எனக்கு இரண்டும் வேண்டும், அதுதான் என் அவஸ்தை, இப்போதும் அந்தத் தாள்களைக் கிழிக்க மனசு வரவில்லை.

இன்னொன்று. இடது கண்ணால் எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பது தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் முகத்தைப் பார்க்காமல் உனக்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலையையே பார்க்கிறேன், அம்மாவுக்கு எப்பவும் நினைப்பு வேற எங்கயோ என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தாயே. நான் கன்னத்தில் கை வைத்திருந்தேன் என்றா நினைத்தாய்? வலது கண்ணைப் பொத்தியிருந்தேன். அதுவும் போய்விட்டால் உன்னை எப்படிப் பார்ப்பது என்று பழகிக்கொண்டிருந்தேன் கண்ணே.

கட்டத்தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார், கோடு வளைந்தால் அளக்காதே, ஓடு. இருவரும் நீண்ட காலம் நிறைவாக வாழுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் திரைச்சீலைக்கு முன்னாலேயே உட்கார், இடம் மாற்றிவிடாதே.

உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க விரும்பும்
அம்மா