சிவப்பு டேப் ஒட்டிய ஐந்து ஓட்டைகள்

சிவப்புத் துணி டேப்பின் பசை என் கட்டைவிரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் வெயிலில் காய்ந்த ரப்பர் வாடை. உன் பேன்ட் பையிலிருந்து எப்போதும் வரும் வாடை அது. மூன்று நாளாக இந்த விரலோடுதான் சோறு பிசைகிறேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கு அதுவும் வராது என்பது உனக்குத் தெரியாததா.

அந்த டேப் எங்கே இருந்தது என்றும் உனக்குத் தெரியும். சபா மண்டபத்துக்கு நீ கொண்டுவந்த எட்டு ஓட்டைப் பெட்டியில். எல்லாக் கேபிளும் வந்து கூடுகிற பெட்டி. அதற்கு சுவிட்ச் என்று பெயர் சொன்னாய். "போட்டு அணைக்க ஒண்ணுமே இல்லையே, இது என்னடா சுவிட்ச்?" என்று நான் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய். மூன்று ஓட்டையில் கேபிள் போகும். மீதி ஐந்திலும் சிவப்பு டேப். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தூசு போகும்" என்றாய். தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னாய். அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை.

நாலு பேர் முன்னால் உன்னை சார் என்பேன். தனியாக இருந்தால் டா. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே குழாயடியில் வளர்ந்தவர்கள் நாம். நீ படிக்கப் போனாய், நான் ஹௌராவில் மூட்டை தூக்கப் போனேன். கல்கத்தாவில், டாக்குரியாவில் மாடி அறையை எடுத்து ஸ்டுடியோ என்று நீ பெயர் வைத்த அன்றே என்னைக் கூப்பிட்டுவிட்டாய். ஸ்டேஷன் பக்கத்தில் எவனாவது ஸ்டுடியோ வைப்பானா? லோக்கல் ரயில் வருவது காதுக்குக் கேட்கும் முன்னால் என் உள்ளங்காலுக்குத் தெரியும். கையைத் தூக்குவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பதிவை நிறுத்துவாய். ரயில் போனபின் கையை இறக்குவேன். பாடுகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள். "வேலுதா இல்லேன்னா இந்த ஸ்டுடியோவே ஒரு பிளாட்பாரம்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். வேலு என்ற என் பேரோடு இந்த ஊர்க்காரர்கள் தா சேர்ப்பார்கள், அண்ணன் என்று. இன்றும் அந்தப் பக்கம் போனால் என் கை தானாக உயர்ந்துவிடுகிறது. ஆட்டோவுக்குக் கை காட்டுகிறேன் என்று நினைத்து வண்டியை நிறுத்துகிறார்கள்.

எனக்குப் படிக்க வராது என்பதால் ஒவ்வொரு கேபிளின் முனையிலும் நூல் கட்டினாய். மஞ்சள் பாட்டுக்கு, பச்சை வயலினுக்கு, இரட்டைக் கறுப்பு மிருதங்கத்துக்கு. உனக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. "எந்த முனையும் அநாதையா கிடக்கக் கூடாது, வேலு." பழைய கேபிளில் ஒரு முனை சும்மா தொங்கினால் அது ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொண்டு ஸ்பீக்கரில் உறுமும். கச்சேரி தொடங்கும்போது மேடை ஓரமாக ஒரு சுற்றுப் போய், தொங்குகிற முனை ஒன்றுகூட இல்லை என்று பார்ப்பது என் வேலை. முப்பது வருஷம் பார்த்தேன். ஒருநாள்கூட விட்டதில்லை.

பிறகு நீ அந்தப் புதுப் பெட்டிகளை வாங்கினாய். மேடையில் ஒன்று, நீ சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேசையில் ஒன்று, நடுவில் சுவிட்ச். மைக்குகளை மேடைப் பெட்டியில் சொருகினால் எல்லாச் சத்தமும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரே கேபிளில் போய்விடுமாம். நான் தோளில் சுமந்த, கை பருமன் கேபிளை மூலையில் சுருட்டி வைத்தாய். எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டுடியோவில் ஒரு வாரம் மடிக்கணினியோடு நீ மல்லுக்கட்டினாய். எந்த மைக் எந்த வழியில் போகவேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், கணினியைக் கழற்றினாலும் பெட்டிகள் மறக்காது என்றாய்.

"பெட்டிக்கெல்லாம் பேர் வைக்கணும்டா. பேர் சொல்லித்தான் ஒண்ணை ஒண்ணு கூப்பிடும். மேடைப் பெட்டிக்கு உன் பேர் வெச்சுட்டேன்."

"எதுக்கு? வேற பேரே கிடைக்கலியா?"

"மேடையில எனக்கு வேற யாரு இருக்கா?"

சபாவின் ஆண்டுவிழா. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. காலையிலேயே நீ எல்லாவற்றையும் இணைத்துச் சோதித்தாய். அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை அந்த மண்டபம் கேட்டதில்லை. மண்கோப்பையில் டீ குடித்துக்கொண்டே, "பாருடா, ஈ பறந்தாக்கூட ஸ்வரம் தெரியும்" என்றாய். அன்று உன் முகம் குழாயடியில் பம்பரம் விட்ட முகம்.

கச்சேரி தொடங்கியது. நான் என் சுற்றுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் சுவிட்சிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் தொங்கியது. ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. அது உன் மடிக்கணினிக்காகப் போட்டது என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது ஒரு தொங்குகிற முனை, அவ்வளவுதான். பக்கத்திலேயே காலி ஓட்டை இருந்தது, அப்போது டேப் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சொருகினேன். டிக் என்று உட்கார்ந்தது. நன்றாக உட்கார்ந்ததே என்று எனக்குத் திருப்திகூட.

இரண்டு எட்டு வைத்திருப்பேன். ஸ்பீக்கர் கறகறவென்றது. பிறகு ஒன்றுமே இல்லை. பாடுகிற அம்மாவின் வாய் அசைந்தது, வில் அசைந்தது, மிருதங்கத்தின் மேல் விரல்கள் விழுந்தன. முன்வரிசைக்கு மட்டும் ஏதோ கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கைதட்டிக் கத்தினார்கள். அந்த ஓசையின்மை என் காதை விட்டு இன்றுவரை போகவில்லை. மின்விசிறி நின்றாலே எனக்கு அது வந்துவிடும்.

நீ ஓடிவந்தாய். மேடைப் பெட்டியை அணைத்துப் போட்டாய், ஒன்றும் ஆகவில்லை. சுவிட்சின் அருகே குந்தினாய். நான்தான் டார்ச் பிடித்தேன். நீ எழுந்தபோது உன் கையில் அந்தக் குட்டைக் கேபிள் இருந்தது. டார்ச்சுக்கு மேலே, ஒரு கணம், என் முகத்தைப் பார்த்தாய். கேபிளை பேன்ட் பையில் திணித்துக்கொண்டாய். மண்டபத்தில் சத்தம் திரும்பி வந்தது. ஆனால் பாதிக் கூட்டம் வெளியே போயிருந்தது, பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சபா செயலாளர் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்தப் புது மெஷின் எல்லாம்?"

நீ சொன்னாய்: "தப்பு என்னோடதுதான். செட்டிங்ல ஒண்ணை விட்டுட்டேன்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அப்பவே சொன்னேன்ல? பழைய கேபிளே போதும்னு? கேட்டியா? உன் திமிரு, இன்னிக்கு நாலு பேர் முன்னால தலை குனிய வெச்சுது." நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். காளிகாட் தாண்டும்போது, "மழை வரும்போல இருக்கு" என்றாய். அதுதான் உன் பதில்.

அதன்பின் சபா உன்னைக் கூப்பிடவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். இரங்கல் கூட்டத்தில் செயலாளர் பேசினார். நல்ல மனிதர், கடைசியில் புது மெஷின்தான் அவருக்குப் பிடிபடவில்லை என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். ஆட்டினேன்டா.

உன் பெட்டிகளை உன் வீட்டில் என்னிடம் கொடுத்தார்கள். மேடைப் பெட்டி ஈரத்தில் கெட்டுப்போயிருந்தது. மற்றவை என் கட்டிலுக்கடியில் கிடந்தன. இப்போது சபாவுக்கு மதுமிதா என்று ஒரு பெண் வருகிறாள். சால்ட் லேக்கில் கணினி வேலை, விடுமுறை நாளில் சபாவுக்குச் சத்தம் பார்க்கிறாள். மேடைக்குப் புதுப் பெட்டி வாங்கினார்கள். மீதிக்கு உன்னுடையதைக் கேட்டாள். மூன்று நாள் முன்னால், காலையில், நானே சுமந்துகொண்டு போனேன்.

மேசைப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, கணினியைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "ஐயா, இது இன்னும் ஒரு பெட்டியைத் தேடிக்கிட்டே இருக்கு. பேரு வேலுன்னு காட்டுது. அது எது?"

"நான்தாம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு சுவிட்சைக் கையில் எடுத்தாள். "யாரு இதுல டேப் ஒட்டினது?"

"அவன்தான். தூசு போகாம இருக்க."

"தூசுக்கா? இல்ல ஐயா. யாரும் தெரியாம எதையாவது சொருகிடக் கூடாதுன்னு ஒட்டியிருக்காரு. ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் இதுலயே சொருகிட்டா எல்லாம் படுத்துரும். சொன்னதையே சுத்திச் சுத்திச் சொல்லிக்கிட்டே இருக்கும், வேற சத்தம் நுழைய இடமே இருக்காது. கெட்டிக்கார மனுஷன். யாரோ அவர்கிட்ட அப்படிப் பண்ணியிருக்கணும்."

நான் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். டிக் என்ற சத்தம். டார்ச். உன் பேன்ட் பை. உன் கண். எல்லாம் என்னிடம் ஏற்கெனவே இருந்தவைதான், ஒன்றையும் நான் மறந்ததில்லை. கோர்க்கத்தான் தெரியவில்லை. உனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் நான் உன்னைத் திட்டியபோது அந்தக் கேபிள் உன் பைக்குள், என் தொடையை ஒட்டி இருந்திருக்கிறது.

என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழும்மா, என்கிறேன்.

செயலாளர் டீ குடிக்க வந்தார். இன்னும் அவர்தான். மதுமிதாவும் மேசை நாற்காலி தூக்குகிறவர்களும் நின்றிருந்தார்கள். சொன்னேன்: "அன்னிக்கு சத்தம் போனது அவனால இல்ல. தொங்கின கேபிளை நான் சொருகினேன். அவன் வெச்சதுல ஒரு தப்பும் இல்ல."

"விடுங்க வேலுதா, பழைய கதை."

"உங்களுக்குப் பழசு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மெஷின் அவனுக்குப் பிடிபடலேன்னு மைக்கில சொன்னீங்க. மைக்கில சொன்னதை மைக்கில திருத்துங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வர்ற ஞாயிறு சொல்றேன்" என்றார். சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாவிட்டால் நான் மேடை ஏறுவேன்.

புதுப் பெட்டிக்கு என்ன பெயர் வைக்க என்று மதுமிதா கேட்டாள். பழைய பெயரையே வைத்தால் உன் மேசைப் பெட்டி தானாக வந்து சேர்ந்துகொள்ளுமாம். "அதையே வைம்மா. எத்தனை நாள் தேடும்?" அவள் தட்டினாள். நான் மஞ்சள் நூல் கட்டிய மைக்கின் முன்னால் நின்றேன். என் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. உன் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். சார் என்பதா, டா என்பதா என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

உன் டேப் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன், ஐந்து ஓட்டைக்கும், சிவப்பிலேயே. இந்தப் பசை அப்போது ஒட்டியதுதான். எதற்கு இந்த டேப் என்று யாராவது கேட்டால் தூசுக்கு என்று சொல்லமாட்டேன். என் கைக்கு என்று சொல்வேன்.