பதினான்காவது கேள்வி

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. ஏரியில் பொக்லைன் இறங்கிவிட்டது. இரண்டு டிப்பர், பஞ்சாயத்துத் தலைவர், தேங்காய், கற்பூரம். கம்பெனி பேனர் காற்றில் நிற்கவே இல்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் வேலை பார்க்கும் ட்ரஸ்டில் மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு வந்த வேலை. எத்தனையோ ஊருக்குப் போய்க் கணக்கெடுத்து, படிவம் நிரப்பி, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகள் ஊர்நலனுக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் ஏரி தூர் வாரிக் கொடுத்திருக்கிறோம். என் ஊருக்கு இப்போதுதான். சந்தோஷமாக இருந்தேன், பத்து மணி வரைக்கும்.

பத்து மணிக்குப் பொக்லைன் ஓட்டுகிற குமார் வரைபடத்தோடு வந்தான். "அக்கா, எட்டடி ஆயம், ஒரே மட்டமா எடுக்கணும்னு போட்டுகீது. நடுவுல ஒரு மேடு ஓடுதே, அதயும் சேத்துதானே?"

அந்த மேடுதான் நாங்கள் பிணம் எடுத்துப் போகிற வழி.

"பாத்துச் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று நினைவில்லை. வாங்க வேண்டியது: தக்காளி, துணி சோப்பு, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம். எதையும் வாங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தலைக்குள் சுற்றுவதை இங்கே எழுதிவிடுகிறேன்.

காலனி இந்தக் கரையில். இடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். ரோடு வழியாகப் போனால் ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும், பிணத்தோடு விடமாட்டார்கள். அதனால் ஏரிக்குள்ளேயே, மேடாக ஓடுகிற அந்தத் தடத்தில். வெயில் காலத்தில் நடை. மழைக் காலத்தில் தண்ணீரில் இறங்கி. அப்பா செத்தது நவம்பரில். இடுப்பளவு தண்ணீர். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா கரையில் நின்றுகொண்டு, பார்த்து, பார்த்து என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

எட்டடி தோண்டினால் இடுப்பளவு இருக்காது. ஆளே முழுகும்.

படிவத்தில் கேள்வி 14: நீர்நிலைக்குள் பொதுமக்கள் பயன்பாடு ஏதும் உண்டா? பதில், என் கையெழுத்தில்: இல்லை.

மறந்து எழுதியதில்லை. தெரிந்தே எழுதினேன். அதற்கு முந்தின வருடம்தான் ஆக்கிரமிப்பு என்று கரையோரம் இருந்த மாட்டுக்கொட்டகைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வழி இருக்கிறது என்று எழுதினால் அதையும் அளந்து மூடிவிடுவார்கள் என்று பயம். வழியைக் காப்பாற்றத்தான் இல்லை என்று எழுதினேன். காகிதத்தில் இல்லாததை யார் வந்து மூடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்.

ஜூன் 11, புதன்

அனல் காற்று. பொக்லைனுக்கும் மேட்டுக்கும் நடுவில் என் காலடியில் நூற்று நாற்பது. தினம் இருபது, இருபத்தைந்து அடி குறையும்.

அம்மாவிடம் சொன்னேன். களை வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீதான எய்தாதன்னு சொன்ன" என்றேன்.

"நான் ஆயிரம் சொல்வேன். படிச்சவ நீயா நானா?" காலைத் துடைத்துக்கொண்டே, "கம்பெனிய இட்டாந்ததும் நீதான்."

சாப்பிடக் கூப்பிடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். குழம்பில் உப்பு அதிகம். அதையும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நந்தினி மேடத்துக்கு போன் போட்டேன். கம்பெனியில் இந்த வேலையெல்லாம் பார்ப்பவர் அவர்தான். பேசியது: தொழிலாளிகளுக்கு மோர், எச்சரிக்கை டேப், போட்டோவுக்கு நல்ல வெளிச்சம் எப்போது வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. பன்னிரண்டு நிமிடம். சொல்லவில்லை.

"விவசாயிங்க எல்லாம் ஹேப்பியா இருக்காங்களா எஸ்தர்?" என்று கேட்டார். இருக்கிறார்கள் மேடம் என்றேன். பொய்யில்லை. ஏரி நிரம்பினால் இரண்டு போகம் நடலாம். எங்களுக்கு நிலமில்லை, ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் காலனிப் பெண்கள்தானே போவார்கள். வேலை கூடும். இது நல்ல காரியம்தான். அதனால்தான் வார்த்தையே வரமாட்டேன் என்கிறது. கெட்ட காரியமாக இருந்திருந்தால் முதல் நாளே சண்டைக்குப் போயிருப்பேன்.

செருப்பு வார் அறுந்தது. சாலவாக்கத்தில் தைக்கக் கொடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

தலைவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பேச்சு.

"பாத கீது. யாரு இல்லன்னா? எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

"அதயே ஒரு லெட்டர்ல எழுதிக் குடுங்க தலைவரே. கம்பெனில காட்டி நிறுத்திடறேன்."

"எய்தியா?" சிரித்தார். "வாயால எத்தினி தபா வோணா சொல்றேன்மா. எய்திக் குடுத்துட்டு நாளிக்கு ஊர்த்தெருவுல நான் எப்டி நடக்கறது?"

காபி கொடுத்தார்கள், பேப்பர் கப்பில். குடிக்காமல் வந்துவிட்டேன். குடித்திருக்கலாம், தலைவலி.

எல்லாருக்கும் தெரிந்த வழி. எழுதத்தான் ஒருத்தரும் இல்லை. என்னையும் சேர்த்து.

ஜூன் 15, ஞாயிறு

வேலை இல்லை. பொக்லைன் கையை மடக்கிக்கொண்டு நிற்கிறது. சர்ச் முடிந்து மேட்டுக்குப் போனேன். பிரசங்கம் ஒரு வரி காதில் விழவில்லை. அறுபது அடிதான் பாக்கி. மேட்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

படிவத்தின் ஜெராக்ஸ் பையிலேயே இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதும் வைப்பதும். இல்லை என்ற வார்த்தையை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 16, திங்கள்

நந்தினி மேடம் வந்தார், போட்டோகிராபரோடு. சொல்லிவிட்டேன். மேட்டின் மேலேயே நிற்க வைத்து, அப்பா உட்பட எல்லாவற்றையும்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "இந்த ஊருப் பொண்ணுன்னுதான் எஸ்தர் உங்களயே சர்வே பண்ணச் சொன்னோம். வெளியாள் யாராவது பண்ணியிருந்தா எனக்குக் கோபமே வந்திருக்காது."

ஆக்கிரமிப்புப் பயத்தைச் சொன்னேன். "எங்ககிட்டயாவது வாயால சொல்லியிருக்கலாமே. முதல்லயே தெரிஞ்சிருந்தா வரைபடத்துல கோட்டை மாத்திப் போட்டிருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை." அந்த அஞ்சு நிமிஷம் என்றது நெஞ்சில் குத்தியது.

குமாரைக் கூப்பிட்டு இரண்டு நாள் மேட்டை விட்டு ஏரியின் மறு கோடியில் தோண்டச் சொன்னார். புதன் சாயந்திரத்துக்குள் வரைபட மாற்றப் படிவம் போக வேண்டும். காரணம் எழுதி, கையெழுத்து என்னுடையது. வண்டியில் ஏறும்போது குரலை இறக்கினார்.

"நடைபாதைன்னு போடுங்க. வாக்கிங் போறதுக்கு. ஹெட் ஆபீஸ்ல உடனே ஓகே பண்ணிடுவாங்க, பெஞ்சு கூடப் போடலாம். உங்க பழைய பதிலையும் யாரும் தோண்டமாட்டாங்க. புதுசா ஒரு யோசனை, அவ்ளோதான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் பசி எடுத்தது. நாஷ்டா கடையில் நாலு இட்லி.

ஜூன் 17, செவ்வாய்

கொஞ்சம் மேகம். மழை இல்லை.

நடைபாதை என்று எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வழியும் இருக்கும், வேலையும் இருக்கும் என்றேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பெஞ்சு போட்டா யாரு வந்து குந்துவான்?"

"யாரு வேணா."

"ஊர்த்தெருக்காரன்தான் குந்துவான். நமக்கு இன்னா, பொயுதன்னிக்கும் நடக்கற பொயப்பு, வாக்கிங்கு வேற போறமா? அவன் குந்திக்கினு கீற எடத்துல நம்ம பொணம் போவ உடுவானா?"

முறத்தைத் தட்டினாள். "உங்கப்பன் போன வயி. இன்னா வயியோ அத எய்து."

படிவத்தைக் கிழித்தேன். வேறு படிவம். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றே விட்டது. சவ ஊர்வலப் பாதை என்று எழுதி அடித்தேன். இறுதி யாத்திரை என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியாக: "காலனி மக்கள் பிணம் எடுத்துச் செல்லும் வழி. வேறு வழி கிடையாது. கேள்வி 14-க்கு முன்பு இல்லை என எழுதியது நான். இருக்கிறது தெரிந்தே எழுதினேன்."

கையெழுத்து. போட்டோ எடுத்து நந்தினி மேடத்துக்கும் ட்ரஸ்டுக்கும் அனுப்பினேன். நேரம் 4.10.

ஜூன் 18, புதன்

ட்ரஸ்டிலிருந்து சார் பேசினார். தெரிந்தே தப்புத் தகவல் கொடுத்ததாக என் கையாலேயே எழுதியிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாதாம். இந்த மாதத்தோடு போதுமாம். சரி சார் என்றேன். போனை வைத்த பிறகு அழுதேன், நன்றாகவே. இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

பதினொன்றுக்கு நந்தினி மேடம் போன். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ரூவ் ஆயிடுச்சு. நீங்க எழுதின மாதிரியே போயிருக்கு, ஒரு வார்த்தை மாத்தல. அகலம் எவ்ளோ வேணும்?"

இதற்கு நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. "பெட்டி ரெண்டரை அடி மேடம். ரெண்டு பக்கமும் தூக்கறவங்க. மாத்திக்கத் தோள் கொடுக்க இன்னும் ரெண்டு பேர் கூடவே வரணும். எட்டடி."

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டுகிற சத்தம். அப்புறம், "பத்து போட்டுக்கறேன். இன்னிக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுடுங்க."

மூன்று மணிக்கு மேட்டுக்குப் போனோம். குமார் சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தான். அளவு டேப்பின் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். சுருளை அம்மாவிடம் கொடுத்து, பத்தில் நில்லு என்றேன். அவளுக்கு எண் படிக்கத் தெரியும். மெதுவாக நடந்து, பன்னிரண்டில் போய் நின்றாள்.

குமார் டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அம்மா நின்ற இடத்திலிருந்து சுண்ணாம்பு போட ஆரம்பித்தேன்.