அரைவயிற்றுக் கரண்ட்

இயேசு மரியே துணை

தலத்தெரு,
காரைக்கால்.

கோயம்புத்தூரில் கிட்டார் பெடல் செய்கிற அன்பு மகள் தேவிகாவுக்கு இசபெல்லா பாட்டி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே விடாத மழை, ஆனாலும் சுகம்தான். ஈயம் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்டாயே, அந்த விரல் ஆறிவிட்டதா என்று எழுது.

உன் பெடல் இரண்டாம் தடவை இங்கே வந்து சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. போனில் நீ பார்த்தது பாதி முகங்களைத்தான் என்பதால், பூசை முடிந்து வந்து எங்கள் முன்னறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதினால் குற்றமில்லை, சந்தனசாமி. எங்களோடு தங்கி, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் சரக்கு லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிற மகள் வயிற்றுப் பேத்தி ஜெனிட்டா. உன்னிடம் பெடல் வாங்கியவள் இவள்தான். பழைய மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அடித்த அல்லா பிச்சை, திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா, கூப்பிடாமல் வந்தவள். இவர்களோடு இன்னும் ஒரு ஆள் இருந்தான். அவன் பேரை இந்த வரிசையில் சேர்க்க மனம் வரவில்லை. அது கடைசியில்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே ரெண்டு வரி பேசி அனுப்பிடு பாட்டி என்றாள் ஜெனிட்டா. பேசி அனுப்பினால் நீ ஒரு காதில் கேட்டுவிட்டு அடுத்தவர் அனுப்பியதைப் பார்க்கப் போய்விடுவாய். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். முதல்முறை போனில் உன்னிடம் கத்தினபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லியிருப்பேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு பெட்டி கொண்டுவந்தார். பென்ஷன் பிரெஞ்சுக்காரன் கொடுத்தது, பெட்டி இங்கிலீஷ்காரன் செய்தது. கிட்டாரின் வயரைச் செருகினால் சத்தம் பெரிதாகக் கேட்கும். பின்னால் கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேல் என்று எரியும். மார்கழி மாதம் பூனை அதன்மேல்தான் படுக்கும். வால்வு பெட்டி என்போம். அந்தப் பெட்டியை வைத்துத்தான் இவர் சோமசேகரன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு என்று கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா எதுவும் விட்டதில்லை.

இவர் ஒரு கம்பியைத் தொட்டால் சத்தம் உடனே வெளியே வராது. கொஞ்சம் பம்மும், பிறகு ஊறி ஊறி மேலே வரும். அழுது முடித்தவன் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. மணவறையில் இருக்கிற பெண்ணே திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது பிடிக்காது, அதை விடு.

அப்போதெல்லாம் வெளிச்சத்துக்கும் மைக்குக்கும் பெட்டிக்கும் ஊர் லைனிலிருந்துதான் கரண்ட் எடுப்பார்கள். ஒரு வருஷம் மாஸ்டர் புதிதாக ஜெனரேட்டர் பிடித்தார். விளக்கெல்லாம் பளீர் என்று எரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். கோட்டுச்சேரியில் ஒரு கல்யாணம். இவர் வாசிக்க ஆரம்பித்தார், சத்தம் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி வந்தது. அதே கிட்டார், அதே பெட்டி, அதே மனுஷர். இவர் குமிழைத் திருப்பிப் பார்த்தார், கம்பியை மாற்றிப் பார்த்தார். அடுத்த கச்சேரியிலும் அதே தகரம். மூன்றாவது இடத்தில் மாஸ்டர் எல்லார் முன்னாலும் மைக்கை மூடாமலே, கை போயிடுச்சுய்யா சந்தனசாமி, அந்த விரல்ல இப்ப ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் வரை கேட்டது.

அப்போது இவர் தலையில் ஒரு நரை கிடையாது.

வீட்டுக்கு வந்து வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எலும்பு வைத்தியரிடம் போனார், எண்ணெய் தடவினார், பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லைன்னுதானே மாஸ்டரும் சொன்னாரு என்று இவர் சொன்னார். அதோடு கிட்டாரை உறையில் போட்டுக் கட்டினவர்தான். அரிசி ஆலையில் எடை போடுகிற வேலைக்குப் போனார். வால்வு பெட்டியை மாதா கோயில் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தார். கடல்காற்று அதைத் தின்றது, மிச்சத்தைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். ஜெனிட்டா பிறந்து ஆஸ்பத்திரியில் குழந்தையை நீட்டினபோதுகூட இவர் வாங்கவில்லை. என் கையை நம்ப முடியாது இசபெல், நீயே வச்சுக்க என்று பின்னால் நகர்ந்தார். பக்கவாதம் வந்தவருக்குக்கூட ஒரு மருந்து உண்டு, மகளே. வராத நோய்க்கு நான் எங்கே போவேன்?

ஜெனிட்டா சர்ச் பாடல்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். உன் பெடலை வாங்கிவந்து, காலால் அழுத்தினால் பழைய இங்கிலீஷ் வால்வு பெட்டியின் சத்தம் வரும் தாத்தா, வாசிச்சுப் பாருங்க என்று கெஞ்சினாள். ஒரு மாதம் கெஞ்சினாள். கடைசியில் அவள் மனசுக்காக வாங்கி இரண்டு கம்பியைத் தொட்டார். அதே தகரம். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டிய குத்தம் சொல்லாத பாப்பா, பெட்டி சரியாத்தான் இருக்கு, கைதான் என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அதனால்தான் உனக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினேன். உன் பெட்டி பொய் சொல்லுது, செத்த பாம்ப திரும்ப அடிக்கிறியா என்றுகூடக் கேட்டேன். நீ வேறு யாராவதாக இருந்தால் போனை வைத்திருப்பாய். நீ வைக்கவில்லை. அப்ப சத்தம் நல்லா இருந்த நாள்ல சுத்தி என்னவெல்லாம் இருந்துச்சுங்க பாட்டி, ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க என்றாய். என்னிடம் ஞாபகத்தைக் கேட்டால் நிற்காது. பந்தல், சாம்பிராணி, பெண்கள் கட்டியிருந்த புடவை என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்து, குறுவைக்கு எல்லா வயலிலும் மோட்டார் ஓடும், பல்பு பூசணிப்பூ நிறத்துக்கு இறங்கிடும், அந்த மங்கலில் இவர் வாசிப்பார் என்றேன். நீ நடுவில் நிறுத்தி, பல்பு எப்படி இறங்கும்னு இன்னொருக்கா சொல்லுங்க என்றாய்.

அதன்பிறகு நீ சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். கரண்ட் குறைஞ்சா வால்வுக்கு மூச்சு வாங்கும் பாட்டி, அழுத்தி வாசிச்சா சத்தம் உள்ள பதுங்கி அப்பறம் எந்திரிக்கும், தாத்தா வாசிச்சது பசிச்ச பெட்டிய, நான் வயிறு நெறஞ்ச பெட்டிய பார்த்துப் பெடல் பண்ணிட்டேன் என்றாய். ஊர் முழுக்க வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, மிச்ச அரைவயிற்றுக் கரண்ட்டில் இவர் அழவைத்துக்கொண்டிருந்தார். இது எங்களுக்குத் தெரியாது. அது இங்கிலீஷ்காரன் பெட்டியின் மகிமை என்று நாங்கள் நினைத்தோம், இவர் கையின் மகிமை என்று ஊர் நினைத்தது.

பெடலை வரவழைத்து நீ இன்னொரு குமிழ் வைத்தாய். அதன் கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டாய். மோட்டார் என்று எழுது என்றேன். சிரித்தாய். ஆனால் எழுதினாய், அதுவும் தமிழில்.

இனி அந்த ஞாயிறு. இவர் வாசிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அல்லா பிச்சைதான், அண்ணே, நான் பஸ்ஸுக்கு நின்னு காலு வலிக்க வந்திருக்கேன், எனக்காக ஒரே ஒரு தட்டு என்றார். ஜெனிட்டா மோட்டார் குமிழைத் திருகினாள். இவர் ஒரு கம்பியைத் தொட்டார். சத்தம் பம்மியது. பிறகு எழுந்தது.

முதலில் வாய் திறந்தவள் குஞ்சம்மாதான். இது கரண்ட் கட்டாவப்போற சத்தமால்ல இருக்கு என்றாள் அவள். அவளுக்குப் பாட்டுத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அவளைப்போல் சரியாகச் சொன்னவர் இல்லை. இவர் இன்னொரு கம்பியைத் தொட்டார், பிறகு விடாமல் வாசித்தார். அல்லா பிச்சை நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முகம் கழுவிட்டு வர்றேன் என்று கிணற்றடிக்குப் போய் நின்றார். வாசித்து முடித்ததும் இவர் வலது கையை விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கை இருக்கு இசபெல் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போனேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போதுதான் அந்த ஆள் வாயைத் திறந்தான். அவன் என் கூடப்பிறந்த தம்பி. அந்தக் காலத்தில் மைக்செட் வைத்திருந்தவன். மாஸ்டருக்கு ஜெனரேட்டர் கொடுத்தவனும் அவன்தான். கொடுவா மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே, எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான், மீட்டர் வச்சுப் பார்த்தேன்ல, கோட்டுச்சேரி லைன்ல நூத்தியெழுவது வோல்ட்டுக்கு மேல ஏறாது, ஜெனரேட்டர்ல முழுசா வந்துச்சு, சத்தம் மாறத்தான் செய்யும் என்றான். ஜெனிட்டா கையில் சோற்றோடு, ஏன் தாத்தா அப்பவே சொல்லல என்று கேட்டாள். யாரும் என்னைக் கேக்கலியே பாப்பா என்றான். சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். விடு, அவனும் மறந்திருப்பான் என்று அவன் இலையில் ரசத்தை ஊற்றியவரும் அவர்தான். நான் ஊற்றவில்லை. மைக் மூடாமல் பேசிய மாஸ்டர் செத்தபோது துக்கத்துக்குப் போகாதவள் நான். இப்போது அவர் வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு மாலை வாங்கிப் போட்டேன். அவர் காதில் விழுந்ததைச் சொன்னார், பாவம், அவருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது.

இப்போது இவர் தினமும் வாசிக்கிறார். சாப்பாட்டு நேரம் தெரிவதில்லை, விரல் நுனி கொப்பளித்திருக்கிறது, சர்க்கரை வேறு இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அல்லா பிச்சை வந்துவிடுகிறார், கூடவே பக்கோடாவும். மாதா திருவிழாவில் வாசிக்கவேண்டும் என்று இரண்டு பேரும் பாதரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை ஜெனிட்டா வேலைக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் நிறுத்தி, அவள் நெற்றியில் வலது கையால் சிலுவை வரைந்தார். அவளுக்கு அது முதல்தடவை. பஸ்ஸைத் தவறவிட்டாள்.

திருவிழாவுக்கு நீ வரவேண்டும். உன் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. உங்களுக்கு மீன் ஆகாதென்றால் காய்கறி தனிப் பாத்திரத்தில் சமைத்துத் தருகிறேன். உன் கை வாழவேண்டும், மகளே. நீ தொட்டதெல்லாம் பேசவேண்டும். உன்னைக் கேட்கிறவர்கள் கத்தினாலும் நீ போனை வைக்காதவளாகவே இருக்கவேண்டும்.

ஒரே ஒரு வேண்டுதல். உன் சாமி வேறு, என் சாமி வேறு. உன் சாமியிடம் எங்கள் வீட்டுக்காக வேண்டிக்கொள்ளும்போது எல்லாரையும் பேர் சொல்லி வேண்டிக்கொள். என் தம்பிக்கு இந்த மாதம் இருதயத்தில் அறுவை சிகிச்சை வைத்திருக்கிறார்கள். அவனுக்காக முழங்கால் போட்டால் எனக்கு ரசம்தான் நினைவுக்கு வருகிறது, வாய் திறக்கமாட்டேன் என்கிறது. நான் மன்னிக்கமாட்டேன், அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. நீ வேண்டிக்கொள்ளலாம். பேர் தெரிந்தால்தானே வேண்ட முடியும். மற்றவர்களோடு சேர்ந்து மேலே நிற்கவேண்டாம் என்று அவன் பேரைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன்.

என்றும் உன் கைக்கு நன்றியுள்ள,
சந்தனசாமி மனைவி இசபெல்லா

பிலவேந்திரன்.